ஒன்பது நாள் குதிக்காதவன்

வெள்ளாங்கரை ஊரில் உப்பளத்து வேலை நட்சத்திரம் இருக்கும்போதே தொடங்கி வெயில் உச்சிக்கு வருமுன் முடிந்துவிடும் என்பதால், அந்த ஊர் சனம் சினிமா பார்ப்பதெல்லாம் மதியம் இரண்டரை மணி ஆட்டம்தான். வெள்ளை வெள்ளை என்று உப்புப்பாத்தியையே பார்த்துக் கூசிப்போன கண்ணுக்கு இருட்டு வேண்டும், உப்பு அரித்த காலை நீட்டிப்போட இடம் வேண்டும், விடிந்ததிலிருந்து கங்காணிக்குப் பயந்து மூடிவைத்த வாயைத் திறந்து யாரையாவது நாலு ஏச்சு ஏச வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தது பரமசக்தி டாக்கீஸில்தான்.

டாக்கீஸ் முதலாளி தவசிமுத்து, பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்து மூலையில் கிடந்த படப்பெட்டியாகப் பார்த்து வாங்கிவருவார். பறந்து பறந்து அடிக்கிற கராத்தே படம், வெள்ளைச்சேலைப் பேய்ப் படம், வானத்திலிருந்து ராட்சசப் பல்லி இறங்குகிற படம். பல்லியின் முதுகில் ஜிப்பு தெரியும். பறக்கும் தட்டு இட்லிக் கொப்பரை மூடிதான், தொங்கவிட்ட கம்பியும் தெரியும். பேய் கான்வாஸ் ஷூ போட்டிருக்கும். கராத்தேக்காரன் குத்துகிற சத்தம் ஈரச்சாக்கைத் துவைகல்லில் அடித்த மாதிரியே இருக்கும், அதுவும் கை படுவதற்கு முன்னாடியே வந்துவிடும். அதற்காகத்தான் சனம் போனது. ஒரு குறை தெரிந்தால் எண்ணூறு வாயும் ஒன்றாய்த் திறக்கும், அந்த எண்ணூறுக்கும் தலைவர் கோயில்பிச்சை.

கோயில்பிச்சை உப்பளத்துக் கங்காணி. இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து வைத்து அவர் ஒரு விசில் விட்டால் மூன்று அளம் தாண்டிக் கேட்கும். அடியில் தொடங்கி மேலே ஏறிப்போய் வெட்டுக்கத்தி வைத்த மாதிரி பட்டென்று நிற்கும். அந்த விசிலுக்குத்தான் ஊர் வேலைக்கு எழுந்தது, அந்த விசிலுக்குத்தான் உப்பு வாருகிற பலகையைக் கீழே போட்டது. மதியமானால் அவரும் இவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படத்தை ஏசுவார், அப்போது அவர் கங்காணி இல்லை. எந்தப் படத்துக்கும் விசிலடிப்பார், ஒரே ஒரு படத்துக்கு மட்டும் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். செத்தவனுக்கு மரியாதை என்று ஊர் எடுத்துக்கொண்டது.

அந்தப் படம் 'கருநாக முஷ்டி'. செத்தவன் சுயம்பு. அவன் பெண்டாட்டி செந்தூர்க்கனி அதே டாக்கீஸில் பெண்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருசத்துக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு சினிமாக் கம்பெனி வெள்ளாங்கரைக்கு வந்து இறங்கி, பழைய தண்ணீர்த்தொட்டியில் சண்டை எடுத்தது. முகமூடிக்காரன் ஒருத்தன் தொட்டிமேலிருந்து குதிக்க வேண்டும், அதற்கு ஆள் தேடினார்கள். சுயம்பு உப்பு அம்பாரத்தின் உச்சியிலிருந்து கரணம் போட்டுக் குதிக்கிறவன், சும்மாவே குதிப்பான், அவனைக் காட்டினார்கள். சண்டை மாஸ்டர் தகர விசிலைக் காட்டி, "நான் ஊதினதும் குதி, கீழ அட்டைப்பெட்டி அடுக்கி வச்சிருப்போம்" என்றார். பெட்டி அடுக்குமுன் சுயம்பு குதித்துவிட்டான். அவசரப்பட்டுட்டான் என்றார் மாஸ்டர். அவசரப்பட்டுட்டான் என்றது ஊர். வயிற்றில் ஏழு மாசத்தோடு வீங்கின காலை நீட்டி வீட்டில் கிடந்த செந்தூர்க்கனிக்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்து சேர்ந்தது, அன்றிலிருந்து அவள் பேரே அவசரக்காரன் பொண்டாட்டி என்று ஆனது. கம்பெனிக்காரன் ரோஜா மாலை ஒன்று அனுப்பினான். எடுத்த சுருளை வீணாக்க மனசு வராமல் அந்தக் குதியை அப்படியே படத்தில் சேர்த்துக்கொண்டான்.

படம் எந்த ஊரிலும் மூன்று நாள் தாண்டவில்லை. பாதிக் கதை கராத்தே, கால் கதை பேய், மீதிக்குப் பறக்கும் தட்டு. ஆனால் வெள்ளாங்கரையில் வருசா வருசம் ஐப்பசி மழைக்கு அளம் மூடிக்கிடக்கிறபோது அது வந்துவிடும். எங்க தொட்டி, எங்க பொட்டல், எங்க ஆளு. சுயம்பு விளிம்புக்கு வந்ததும் கொட்டகையே விசிலடிக்கும். செந்தூர்க்கனி ஒரு வருசம்கூட உள்ளே போனதில்லை. வெளியே சுவரில் சாய்ந்து நின்று காதால் பார்ப்பாள். முதலில் கோயில்பிச்சை விசில், பிறகு ஊர் விசில், பிறகு கைதட்டு. அதோடு முடிந்தது என்று தெரிந்துகொண்டு விளக்குமாற்றை எடுப்பாள்.

இப்படி இருக்கையில் ஒரு ஆவணி மாச மதியம், பேய்ப் படம் ஒன்றில் கதாநாயகி மெழுகுவர்த்தியோடு பாதாள அறைக்குள் இறங்கினாள். நாற்பது தடவை சொன்னதையே கோயில்பிச்சை நாற்பத்தோராவது தடவையும் சொன்னார்.

"ஏட்டி, சுவத்துல சுச்சு இருக்குல்லா? லைட்டப் போட்டுட்டுப் போயேன்!"

அவள் நின்றாள். திரும்பினாள். சுவரைத் தடவி சுவிட்சைப் போட்டாள். டியூப்லைட் வெளிச்சத்தில் பேய் கான்வாஸ் ஷூவோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது.

"இப்பமாச்சும் புத்தி வந்துச்சே" என்று பின்வரிசையில் ஒருத்தி சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தாள்.

அவ்வளவுதான். ஒருத்தரும் எழுந்து ஓடவில்லை, ஒருத்தரும் சாமி கும்பிடவில்லை. பத்துப் பதினைந்து வருசமாகத் தொண்டை கிழியச் சொன்னது ஒருநாள் காதில் ஏறாதா என்றுதான் நினைத்தார்கள். மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கு வந்தது. தவசிமுத்து சாக்பீஸால் ஒரு பலகை எழுதி மாட்டினார்: 'படத்தோடு ஒருவர் பின் ஒருவராகப் பேசவும். கெட்ட வார்த்தை கூடாது.' கோயில் தர்மகர்த்தா ஒருநாள் வந்து சோதித்தார், சர்ச் ஐயர் ஒருநாள் வந்து சோதித்தார், இரண்டு பேரும் வந்த வேலையை மறந்து கதையில் குற்றம் கண்டுபிடித்துவிட்டுப் போனார்கள். நாவிதர் கதாநாயகனின் டோப்பாவைச் சரிபண்ணச் சொன்னார், அவனும் சரிபண்ணிக்கொண்டான். நாலு மருமகள் கண்ட கிழவி ஒருத்தி பேயைப் பார்த்து, "உன்னைக் கெடுத்தவன் மேல கோவம்னா அவன் வீட்டுக்குப் போ தாயி, இந்தப் புள்ள உனக்கு என்ன செஞ்சா?" என்று கேட்க, பேய் தலையை ஆட்டிவிட்டுப் படத்தை விட்டே நடந்து போனது.

ஆனால் ஒரு மாசத்தில் சலித்துவிட்டது. கராத்தே படத்தில் பத்து அடியாள் ஏன் ஒவ்வொருத்தனாய் வருகிறான் என்று கேட்டார்கள், பத்துப் பேரும் மொத்தமாய் விழுந்தார்கள், மூன்றாவது நிமிசத்தில் கதாநாயகன் செத்தான். பல்லியை, வந்த வழியே போ என்றார்கள், போய்விட்டது. இடைவேளை வருமுன்னே எல்லாப் படமும் நல்லபடியாய் முடிந்து சனம் சுண்டல் பொட்டலத்தோடு வெயிலில் நின்றது. அப்போது கோயில்பிச்சை டாக்கீஸ் முற்றத்தில் ஊரைக் கூட்டிவைத்துச் சொன்னார்:

"குறை இருந்தாத்தாம்ல படம். ஏசலாம், திருத்தப்படாது. திருத்திட்டா ஏசுறதுக்கு நமக்கு என்ன இருக்கு?"

சரி என்று ஊர் ஒத்துக்கொண்டது. ஏசுவார்கள், ஆனால் படத்துக்குக் கேட்காதபடி முணுமுணுவென்று ஏசுவார்கள்.

ஐப்பசி பிறந்தது. மழை விழுந்து அளம் மூடினார்கள். 'கருநாக முஷ்டி' வந்தது.

செந்தூர்க்கனி அன்று கடைசி டிக்கெட்டைக் கிழித்து, கிழித்த பாதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பதினோரு வருசத்தில் முதல்முறையாக உள்ளே போனாள். பெண்கள் பக்கம் இடம் இருந்தும் உட்காரவில்லை. நடுப்பாதையில் நின்றாள். அடிக்கிறார்கள், உதைக்கிறார்கள், அதெல்லாம் அவளுக்குச் சத்தமாய் மனப்பாடம். பிறகு தொட்டி வந்தது. தொட்டியின் உச்சியில் கறுப்புத்துணி முகத்தைச் சுற்றிய ஒருத்தன் வந்து நின்றான். கண் மட்டும்தான் தெரிந்தது, நிற்கிற நிலையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இடது தோள் சற்று இறங்கியிருந்தது, உப்புப்பெட்டி சுமந்த தோள். ஊர் விரலை வாய்க்குக் கொண்டுபோனது.

"இந்தாருங்க! குதிக்காதிய!" என்று செந்தூர்க்கனி கத்தினாள்.

கறுப்புத்துணி நின்றது. குரல் வந்த பக்கம் பார்த்தது. பிறகு அவன் மெல்ல விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் தொங்கப்போட்டுக்கொண்டான்.

அன்று ஊர் அழுதது. பொய் சொல்லக் கூடாது, நிசமாகவே அழுதது. கோயில்பிச்சைகூடத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அளத்து வாலிபன் ஒருத்தன், "மைனி, அண்ணனை ஏணி வழியா எறங்கி வரச் சொல்லுங்க" என்றான். அவள் சொன்னாள். சுயம்பு எழுந்து சுற்றிலும் பார்த்தான், கையை விரித்தான். ஏணி இருந்தது தொட்டிக்குப் பின்பக்கம். கேமரா பார்த்தது உச்சியையும் முன்னாலிருந்த பொட்டலையும் மட்டும். படத்தில் இல்லாத படியில் யார் இறங்க முடியும்? கீழே முஷ்டியை மடக்கி நின்ற கதாநாயகனைப் பார்த்து, "ஏல, நீயாச்சும் அந்த அட்டைப்பெட்டிய எடுத்துட்டு வந்து அடுக்குல!" என்று கத்தினார்கள். அவன் விழித்தான். அவன் கதாநாயகன், பெட்டி தூக்குகிற வேலை அவன் படத்தில் எந்த இடத்திலும் இல்லை. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அவனும் பொட்டலில் உட்கார்ந்துவிட்டான்.

ரீல் ஓடிக்கொண்டேயிருந்தது, காட்சி நகரவில்லை. மறுநாள் விளக்கு அணைந்ததும் பெயர் போடவில்லை, சண்டை வரவில்லை, நேராய்த் தொட்டிதான், அவன் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் தவசிமுத்து பெட்டியை மாற்றிப் பல்லிப் படத்தை மாட்டினார். அப்போதும் தொட்டிதான்.

செந்தூர்க்கனி தினமும் வந்தாள். டிக்கெட் கிழிக்கிற வேலையை வேறு ஒருத்தியிடம் விட்டுவிட்டு, திரைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசினாள். வீட்டின் மேற்குச்சுவர் சரிந்ததைச் சொன்னாள், அவன் ஆடு செத்ததைச் சொன்னாள், தலை நரைத்ததைக் காட்டினாள். அவனுக்கு அந்தப் படத்தில் வசனம் கிடையாது, அதனால் தலையை மட்டும் ஆட்டினான். அவன் ஆட்டுகிற ஆட்டத்தில் எது ஆமா, எது அய்யோ என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆறாம் நாள் சனம் நெளிய ஆரம்பித்தது. மழை விடவில்லை, வேலை இல்லை, வீட்டில் ஒழுகுகிறது, இருக்கிறது ஒரு டாக்கீஸ்.

"எக்கா, நீங்க வீட்டு விசயம் பேசுறதைக் கேக்கவா நாங்க வந்தோம்?"

"சும்மா இருல, பாவம்லா."

"பாவந்தான். அதுக்கு? பறக்குந்தட்டு எப்பம் வரும்?"

ஏழாம் நாள் அவள் மகளைக் கூட்டிவந்தாள். பேச்சிக்கனிக்குப் பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது, ஒல்லிப்பிள்ளை. "இதாங்க உங்க மக" என்றாள் செந்தூர்க்கனி. சுயம்பு எழுந்து நின்றான். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்து, முகத்தில் சுற்றியிருந்த கறுப்புத்துணியைச் சுற்றுச் சுற்றாய் எடுத்தான். இருபத்தெட்டு வயசு முகம். பக்கத்தில் நின்றால் செந்தூர்க்கனியை அக்கா என்பார்கள். அவன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேயிருந்தான், ஆட்டம் முடிகிற மணி அடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முகமூடிக்காரன் முகமூடிய எடுத்துட்டா அப்புறம் படத்துல என்னல இருக்கு?" என்று வெளியே போகையில் ஒருத்தன் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் காது அப்படி, எதையும் தவறவிடாது.

எட்டாம் நாள் கோயில்பிச்சை அவள் வீட்டுக்கே வந்தார். நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"எத்தனை நாளைக்குத் தாயி?"

"நான் சாகுற வரைக்கும் அண்ணாச்சி."

"நான் எத்தனை படம் பாத்தவன்னு உனக்குத் தெரியும். சீனாக்காரன் குதிச்சதப் பாத்திருக்கேன், சப்பான்காரன் குதிச்சதப் பாத்திருக்கேன். எல்லாம் கயிறு, எல்லாம் மெத்தை. நம்ம சுயம்பு விழுந்த மாதிரி ஒருத்தன் விழலை. அந்தப் படம் முழுக்கக் குப்பை, அந்த ஒரு விழுகை மட்டும் தங்கம். அதைப் போயிக் கெடுக்காத."

"அது நடிப்பு இல்ல அண்ணாச்சி."

"தெரியும். அதான் அம்புட்டு நல்லாருக்கு."

அவள் டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். "திருத்தக் கூடாதுன்னு நீங்க சொன்னிய, ஊரு கேட்டுச்சு. நான் குறையத் திருத்தலை. எம் புருசன உக்காத்தி வச்சிருக்கேன்" என்றாள்.

ஒன்பதாம் நாள் ஊர் முழுக்க வந்தது. நிற்க இடமில்லை. விளக்கு அணைந்து தொட்டி வந்ததும் ஒரு மூலையிலிருந்து யாரோ "குதி" என்றான், தயங்கித்தான் சொன்னான். அடுத்தது நாலு பேர். அடுத்தது நூறு. எட்டு நாளுக்கு முன் அழுத அதே வாய்கள்தான். எண்ணூறு வாய் "குதி, குதி" என்று பெஞ்சைத் தட்டியது, மழைச்சத்தம் அமுங்கிப்போனது. சுயம்பு அவளையே பார்த்துக்கொண்டு தலையை இல்லையென்று ஆட்டினான். ஊர் முழுக்கக் கத்தியும் அவன் எழுந்திருக்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கூட்டம் தானே ஓய்ந்தது. செந்தூர்க்கனி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், பதினோரு வருசத்துக்கும் சேர்த்து ஒரு சிரிப்பு.

அந்த ஓய்ச்சலில் கோயில்பிச்சை இரண்டு விரலை வாயில் வைத்தார்.

அடியில் தொடங்கி மேலே ஏறிப்போய்ப் பட்டென்று நின்றது விசில்.

சுயம்பு எழுந்தான். யோசித்து எழவில்லை. அந்த விசிலுக்கே ஆறு வருசம் நட்சத்திர வெளிச்சத்தில் எழுந்து பழகின உடம்பு எழுந்தது. கண் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, கால் விளிம்புக்குப் போனது.

"இந்தாருங்க—"

சொல்லி முடிக்குமுன் கீழே வந்துவிட்டான்.

கைதட்டு இடி மாதிரி விழுந்தது. கதாநாயகன் எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டு அடுத்த காட்சிக்கு ஓடினான். பேய் வந்தது, இட்லி மூடி பறந்து வந்தது, கம்பி தெரியுதுடா என்று கொட்டகை கும்மாளம் போட்டது. செந்தூர்க்கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயில்பிச்சை பெஞ்சுக்குப் போனாள்.

"உங்க விசிலுக்கு எந்திரிச்சாரே அண்ணாச்சி."

"பழக்கம்" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அன்றோடு பரமசக்தி டாக்கீஸில் படங்களுக்குக் காது அடைத்துப்போனது. கதவைத் திறக்காதே என்றால் கதாநாயகி திறந்தாள், லைட்டைப் போடு என்றால் மெழுகுவர்த்தியோடு போனாள். ஊருக்கு நிம்மதி. பழையபடி தொண்டை கிழிய ஏசினார்கள். செந்தூர்க்கனி பழையபடி வாசலில் நின்று டிக்கெட் கிழித்தாள்.

அடுத்த ஐப்பசியும் வந்தது, மழை வந்தது, 'கருநாக முஷ்டி' வந்தது. முதல் நாள் மதியம் அவள் மகளைப் பெண்கள் பக்கம் உட்கார்த்திவிட்டு, கடைசி டிக்கெட்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, நடுப்பாதை வழியே போய்த் திரைக்கு முன்னால் நின்றாள். திரையைப் பார்க்கவில்லை. முதுகைத் திரைக்குக் கொடுத்து ஊரைப் பார்த்து நின்றாள். தொட்டியின் படம் அவள் சேலைமேல் விழுந்தது. முகமூடிக்காரன் அவள் தோளுக்கு மேலே வந்து நின்றான். அவள் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்துக்கொண்டு போனாள், ஒருத்தரையும் விடவில்லை. ஒரு விரலும் வாய்க்குப் போகவில்லை. கோயில்பிச்சை இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்திருந்தார்.

கம்பெனிக்காரன், சத்தத்தைத் தனியாய்ச் சேர்க்க வக்கில்லாமல், எடுத்த இடத்துச் சத்தத்தையே படத்தில் விட்டிருந்தான். பதினோரு வருசம் ஊர் போட்ட விசிலோடு கலந்து கிடந்த சத்தம் அன்றைக்குத்தான் தனியாய்க் கேட்டது. முதலில் காற்று. ஒரு காக்கை. வேடிக்கை பார்க்கிற கூட்டத்தின் சலசலப்பு. பிறகு அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு விசில், அடியில் தொடங்கி மேலே ஏறிப்போய்ப் பட்டென்று நின்றது. தொட்டி விளிம்பில் கால் தேய்கிற சத்தம். விழுந்த சத்தம். எல்லாம் முடிந்து இரண்டு மூச்சு விட்ட பிறகு, கிர்ரென்று மாஸ்டரின் தகர விசில்.

வெளியே சுவரில் சாய்ந்து நின்று வருசா வருசம் அவள் முதலில் கேட்ட விசில் அதுதான். கொட்டகைக்குள் பெஞ்சில் இருந்து கோயில்பிச்சை விடுகிற விசில் என்றுதான் நினைத்திருந்தாள்.

பெண்கள் பக்கமிருந்து பேச்சிக்கனி எழுந்து நின்று கேட்டாள், சின்னக்குரல், கொட்டகை முழுக்கக் கேட்டது:

"யம்மா, அப்பா அவசரப்படலயே?"

பேயிடமும் பல்லியிடமும் பறக்கும் தட்டிடமும் நியாயம் கேட்ட எண்ணூறு வாய் அங்கே இருந்தது. ஒன்றும் திறக்கவில்லை. ஒருத்தரும் கோயில்பிச்சையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கையை வெளியே எடுக்கவில்லை. படம் அது பாட்டுக்கு ஓடியது, வானத்திலிருந்து இட்லிக் கொப்பரை மூடி ஆடி ஆடி இறங்கியது, கம்பி தெரிகிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.